அரசியல் தகவலுக்குச் சான்று வைப்பது எப்படி? வன்னியிலிருந்து விக்கிப்பீடியாவில் எழுத வருபவர்கள் கேட்டவை

கிளிநொச்சியில் சனிக்கிழமை பின்னேரங்களில் ஏழெட்டுப் பேர் கூடித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதப் பழகுகிறோம். உயர்தரம் முடித்த பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர். குளம், கோயில், பள்ளிக்கூடம் என்று எழுதும்வரை ஒரு சிக்கலும் இல்லை. அரசியல் தொட்ட ஒரு வசனம் போட்டால் அடுத்த நாளே காணாமல் போய்விடுகிறது. உடனே எனக்கு அழைப்பு வரும்: "அக்கா, ஏன் அழிச்சவை?"

ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

சான்று சான்று எண்டு சொல்லுறீங்கள், அது சரியா என்ன அக்கா?

நீங்கள் எழுதியதை முன்பின் தெரியாத ஒருவர் தேடிப் போய்ப் பார்த்து, "ஓம், அங்கே அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லக்கூடிய, வெளியிடப்பட்ட ஓர் இடம். புத்தகம், செய்தித்தாள், ஆய்விதழ், வர்த்தமானி (அரச அறிவித்தல் இதழ்), தேர்தல் முடிவறிக்கை எல்லாம் இதற்குள் வரும். இணையத்தில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நூலக அலுமாரியில் இருக்கும் புத்தகமும் போதும். ஆசிரியர், நூல், ஆண்டு, பக்கம் நான்கையும் எழுதுங்கள். பக்கம் எழுதாமல் விடுவதுதான் புதியவர்கள் அதிகம் விடும் பிழை. 400 பக்கப் புத்தகத்தில் ஒரு வசனத்தைத் தேடு என்று வாசகரை அனுப்ப முடியாது.

எல்லா வசனத்துக்கும் சான்று வேணுமோ?

யாராவது "இது உண்மையா?" என்று கேட்கக்கூடிய வசனம் எல்லாவற்றுக்கும் வேண்டும். முல்லைத்தீவு கடலோரத்தில் இருக்கிறது என்பதை ஒருவரும் மறுக்கப் போவதில்லை. எண்ணிக்கை, நாள், யார் செய்தது, ஏன் செய்தது என்று எழுதினால் கட்டாயம் வேண்டும். அரசியல் கட்டுரையில் அநேகமாக எல்லா வசனமும் இந்த வகைதான்.

நான் கண்ணால பாத்தது. எனக்கே சான்று கேட்டால் எப்படி?

அதிகம் நோகும் கேள்வி இதுதான். இதைக் கேட்டவர்கள் பலர் 2009 இல், கடைசிப் போரின்போது மாத்தளன் கடற்கரையில் பதுங்குகுழிக்குள் இருந்த பிள்ளைகள். அவர்களிடம் "சான்று எங்கே?" என்று கேட்கும்போது எனக்கும் வாய் வருவதில்லை. ஆனாலும் விதி அப்படித்தான். உங்கள் நினைவு பொய் என்று ஒருவரும் சொல்லவில்லை. வாசகருக்கு அதைப் போய்ப் பார்த்துச் சரிபார்க்க வழியில்லை, அவ்வளவுதான்.

கிளிநொச்சி நீர்த்தாங்கியை நினைத்துப் பாருங்கள். ஏ9 வீதியோரம் அது சரிந்து கிடந்ததை இங்கே எல்லோரும் பார்த்தோம். படங்களும் செய்திகளும் நிறைய உள்ளன, ஆகவே "போரில் வீழ்ந்தது" என்று எழுதச் சிரமமில்லை. "யார் வீழ்த்தினார்கள்?" என்பது வேறு கேள்வி. விழுந்து கிடந்ததைப் பார்த்த எங்களில் பெரும்பாலானோர் விழும்போது அங்கே இல்லை. புலிகள் பின்வாங்கும்போது தகர்த்தார்கள் என்பது அரச தரப்பின் கூற்று. அதை அரச தரப்பின் கூற்று என்றே எழுத வேண்டும். வேறு தரப்பு வேறு விதமாகச் சொல்லி, அது வெளியாகியும் இருந்தால் அதையும் அருகில் வைக்க வேண்டும். எது கண்டது, எது கேட்டது என்று பிரிக்க இந்த ஒரு தாங்கியே எங்களுக்குப் பாடமாக இருந்தது.

உங்கள் சாட்சியம் வீணாகப் போகக்கூடாது என்றால் அதற்கு வேறு இடம் இருக்கிறது. கட்டுரையாகவோ நேர்காணலாகவோ பெயர் பெற்ற ஒரு பத்திரிகையிலோ வாய்மொழி வரலாற்றுத் தொகுப்பிலோ வெளியானால், அதை இன்னொருவர் சான்றாக எடுக்கலாம்.

முகநூலில, யூடியூப்பில இருக்கிறதை வைக்கேலாதோ?

பொதுவாக இயலாது. யார் வேண்டுமானாலும் போடலாம், போட்டதை மாற்றலாம், அழிக்கலாம். விலக்கு ஒன்று உண்டு. ஓர் அரசியல்வாதியின் அல்லது கட்சியின் உறுதிப்படுத்தப்பட்ட பக்கத்தில் வந்ததை, "அவர் இப்படிச் சொன்னார்" என்பதற்கு மட்டும் வைக்கலாம். அவர் சொன்னது நடந்ததா என்பதற்கு அது உதவாது. வட்ஸ்அப்பில் வந்தது எதற்கும் உதவாது.

பேப்பரில வந்தால் சரிதானே?

பேப்பரில் எந்த இடத்தில் வந்தது என்று பாருங்கள். செய்தி வேறு, ஆசிரியர் தலையங்கம் வேறு, வாரமலர்ப் பத்தி வேறு, கட்சி அனுப்பிய ஊடக அறிக்கை வேறு. செய்தியைத் தகவலுக்கு எடுக்கலாம். பத்தியையும் தலையங்கத்தையும் எழுதியவரின் கருத்து என்று சொல்லித்தான் எடுக்கலாம்.

ஊடக அறிக்கையில் ஒரு பொறி இருக்கிறது. ஒரே அறிக்கை உதயனிலும் வீரகேசரியிலும் வந்திருந்தால், பிள்ளைகள் இரண்டு சான்று கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்படுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்து வாசித்தால் பந்தி பந்தியாக ஒரே எழுத்து. அது ஒரு சான்றுதான். தினகரன் போன்ற அரச நிறுவனப் பத்திரிகையையும் தள்ளிவிட வேண்டாம். அரசாங்கம் என்ன அறிவித்தது என்பதற்கு அது நல்ல சான்று. அரசாங்கம் செய்தது சரியா என்பதற்கு வேறு எங்காவது தேடுங்கள்.

அப்ப ஈழநாதம்? அதுதானே எங்கட பேப்பர்.

மேலே அரச பத்திரிகைக்குச் சொன்ன அதே அளவுகோல்தான். விடுதலைப் புலிகளின் நிருவாகத்தில் வன்னியில் வெளிவந்த நாளிதழ் அது. அவர்களின் அறிவிப்பு, அன்றைய நிருவாகம், எந்த ஊரில் என்ன கூட்டம் நடந்தது என்பவற்றுக்கு அதைவிட நெருக்கமான பதிவு கிடைப்பது அரிது. எதிர்த்தரப்பின் இழப்பு எண்ணிக்கைக்கு அதை மட்டும் நம்பி எழுத முடியாது. இராணுவ இணையத்தளம் சொல்லும் புலிகளின் இழப்பு எண்ணிக்கைக்கும் இதே பதில்.

ஒரு தங்கச்சி தன் அம்மப்பாவின் பெட்டியிலிருந்து ஒரு பழைய பத்திரிகைத் தாளைப் பொலித்தீன் பையில் போட்டுக் கொண்டுவந்தா. இடம்பெயர்ந்த வழியெல்லாம் கூடவே வந்த தாள். மடித்த இடங்களில் எழுத்து இல்லை. தலைப்புப் பக்கம் கிழிந்து திகதி போய்விட்டது. திகதி இல்லாமல் சான்று எழுத முடியாது என்று நான் சொன்னதும் அவவின் கண் கலங்கிவிட்டது. அப்புறம் தபாலதிபர் ஐயா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் ஒரு மரண அறிவித்தல்: இன்ன திகதியில் காலமானார், இறுதிக்கிரியை நாளை நடைபெறும். இறுதிக்கிரியைத் திகதியும் அதிலேயே இருந்தது. அதற்கு முதல் நாள் இதழ் என்று தெரிந்துவிட்டது. நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் 2005 இலிருந்து பழைய ஈழத்துப் பத்திரிகைகளையும் சஞ்சிகைகளையும் வருடி வைக்கிறது. உங்கள் வீட்டில் இப்படித் தாள் இருந்தால் முதலில் அங்கே தேடுங்கள். அங்கே இல்லையென்றால் வருடக் கொடுங்கள். பெட்டிக்குள் இருக்கும்வரை அதை வேறு யாரும் சரிபார்க்க முடியாது.

"கிளிநொச்சி வன்னி மாவட்டத்தில் உள்ளது" எண்டு எழுதினன். அழிச்சுப்போட்டாங்கள். நாங்கள் வன்னி இல்லையோ?

நாங்கள் வன்னிதான். ஆனால் "வன்னி மாவட்டம்" என்று பத்திரிகைகள் எழுதுவது வன்னித் தேர்தல் மாவட்டத்தை. அதில் மன்னார், முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று நிருவாக மாவட்டங்கள் அடங்கும். கிளிநொச்சி வாக்காளர்கள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறார்கள். 2024 பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி வன்னியில் 6 ஆசனங்களில் 2 ஐப் பெற்றது என்று வாசித்தால், அந்தக் கணக்கில் கிளிநொச்சி இல்லை. வரலாற்று நிலப்பரப்பு, தேர்தல் மாவட்டம், நிருவாக மாவட்டம் மூன்றையும் குழப்பாமல் எழுதுங்கள்.

2013 மாகாண சபையில கூட்டமைப்பு வெண்டது எண்டு எழுதினதை ஏன் தமிழரசுக் கட்சி எண்டு மாத்தினவை?

இரண்டும் சரி. 38 ஆசனங்களில் 30 ஐத் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு பெற்றது என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியது. உத்தியோகபூர்வ முடிவில் இருப்பது இலங்கைத் தமிழ் அரசுக் கட்சி, ஏனென்றால் கூட்டமைப்பு அந்தக் கட்சியின் வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்டது. 2001 இல் இதே கூட்டமைப்பு தமிழர் விடுதலைக் கூட்டணியின் உதயசூரியன் சின்னத்தில் நின்றது. ஆகவே "வீட்டுச் சின்னத்தில் போட்டியிட்ட தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு" என்று எழுதி, பத்திரிகைச் செய்தி ஒன்றையும் உத்தியோகபூர்வ முடிவையும் சேர்த்து வையுங்கள்.

1981 சனத்தொகையையும் இப்பத்தையதையும் ஒப்பிட்டு, எத்தனை சனம் குறைஞ்சது எண்டு எழுதலாமோ?

அவதானம் வேண்டும். 1981 கணக்கெடுப்பு நடந்தபோது கிளிநொச்சி என்று ஒரு மாவட்டமே இல்லை. 1984 இல்தான் யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து பிரிந்தது. 1981 க்குக் கிளிநொச்சி எண்ணிக்கை என்று ஒன்றைக் கண்டால், அது பின்னர் பிரித்துக் கணக்கிட்டது. 2001 கணக்கெடுப்பை வடக்கில் பெரும்பகுதியில் நடத்த முடியவில்லை. அடுத்த முழுக் கணக்கெடுப்பு 2012 இல். அதிலும் முதலில் வந்த தற்காலிக எண்ணிக்கைக்கும் இறுதி அறிக்கைக்கும் சிறு வித்தியாசம் உண்டு. கிளிநொச்சிக்கு இறுதி எண்ணிக்கை 113,510. எந்த அறிக்கையிலிருந்து எடுத்தீர்கள் என்று எழுதினால் சண்டை வராது.

இரண்டு எண்ணைக் கழித்து "இத்தனை பேர் குறைந்தனர், காரணம் இது" என்று நீங்களே முடிவு சொன்னால் அது சொந்த ஆய்வு, விக்கிப்பீடியா அதை ஏற்காது. இடப்பெயர்வு, வெளிநாடு போனது, போர், எல்லை மாற்றம் எல்லாம் அந்த வித்தியாசத்துக்குள் கிடக்கும். ஓர் ஆய்வாளர் பிரித்துப் பார்த்து வெளியிட்டிருந்தால் அவரை மேற்கோள் காட்டுங்கள்.

கடைசிப் போரில எத்தனை பேர் செத்தவை எண்டு எழுதிறது? ஒவ்வொருத்தரும் ஒரு எண் போடுறாங்கள்.

இந்தக் கேள்விக்கு ஒரே எண்ணில் பதில் இல்லை. அதனால்தான் எண்ணோடு மூன்று விடயங்கள் வர வேண்டும்: யார் சொன்னது, எந்தக் காலத்துக்கு, எதை எண்ணியது. 7,721 என்ற எண் இலங்கையில் இருந்த ஐ.நா. அலுவலர் குழு 2008 ஓகஸ்டிலிருந்து 2009 மே 13 வரை கணக்கிட்டது. போரின் மிக மோசமான கடைசி நாட்கள் அதற்குள் இல்லை. ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011 அறிக்கையில், இறந்த பொதுமக்கள் 40,000 வரை இருக்கக்கூடும் என்று நம்பத்தக்க மூலங்கள் மதிப்பிடுவதாகச் சொன்னது. 2012 இல் வந்த ஐ.நா. உள்ளக மீளாய்வு, 70,000 க்கும் மேற்பட்டோருக்குக் கணக்கில்லை என்ற தகவலைக் குறிப்பிட்டது. இத்தகைய மதிப்பீடுகளை இலங்கை அரசாங்கம் மறுத்தது. அதுவும் கட்டுரையில் இருக்க வேண்டும்.

146,679 என்ற எண்ணை எல்லோருக்கும் தெரியும். "146,679 பேர் கொல்லப்பட்டனர்" என்று எழுதி அது நீக்கப்பட்டதாக என்னிடம் வந்தவர்கள் நாலைந்து பேர். மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவிடம் கொடுத்த கணக்கு இது. 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் கச்சேரிக் (மாவட்டச் செயலகக்) கணக்குப்படி வன்னியில் இருந்தவர்கள் 429,059. அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380. மிகுதிப் பேருக்கு என்ன நடந்தது என்பதுதான் ஆயர் கேட்ட கேள்வி. "கணக்கில் வராதவர்கள்" என்று அவர் சொன்னதை "கொல்லப்பட்டவர்கள்" என்று நாங்கள் மாற்றினால், அவர் மிகக் கவனமாக வைத்த கேள்வியை நாங்களே பலவீனப்படுத்துகிறோம். முந்திய பதிலில் சொந்தக் கழித்தல் வேண்டாம் என்றேன். இங்கே கழித்தது ஆயர், முன்வைத்தது ஓர் ஆணைக்குழுவின் முன், வெளியானது பல இடங்களில். அதனால் இது சான்றாகிறது.

போர் முடிஞ்சது மே 18 ஓ, 19 ஓ?

மே 18 அன்று இராணுவம் முடிந்ததாக அறிவித்தது. மே 19 அன்று ஜனாதிபதி பாராளுமன்றத்தில் அறிவித்தார். எந்த அறிவிப்பைச் சொல்கிறீர்களோ அதற்குரிய திகதியைப் போடுங்கள்.

"மாவீரர்" எண்டு எழுதினால் அழிக்கிறாங்கள், "பயங்கரவாதி" எண்டு எழுதினால் எனக்கு நெஞ்சு எரியுது. என்ன எழுதிறது?

இரண்டையும் கட்டுரையின் சொந்தக் குரலில் எழுத வேண்டாம். "விடுதலைப் புலிகளின் உறுப்பினர்", "போராளி", "இறந்தார்", "கொல்லப்பட்டார்" போதும். "வீரச்சாவடைந்தார்" ஒரு தரப்பின் சொல், "ஒழிக்கப்பட்டார்" மற்றத் தரப்பின் சொல். மாவீரர் நாள், மாவீரர் துயிலும் இல்லம் என்பவை பெயர்கள், அவற்றை அப்படியே எழுதலாம். மணலாறு, வெலிஓயா என்று ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் வழங்கினால் இதுதான் வழி: அரச ஆவணத்தில் எது, ஊர்ச்சனம் சொல்வது எது என்று இரண்டையும் முதல் பந்தியிலேயே கொடுத்துவிடுங்கள்.

"இனவழிப்பு" என்ற சொல்லைப் பற்றியும் கேட்கிறார்கள். வட மாகாண சபை 2015 பெப்ரவரி 10 அன்று அதுபற்றித் தீர்மானம் நிறைவேற்றியது. கனடாவின் பொதுச்சபை 2022 மே 18 அன்று அந்த நாளைத் தமிழினப் படுகொலை நினைவு நாளாக ஏற்றது. இலங்கை அரசாங்கம் அதை நிராகரிக்கிறது. இந்த மூன்று வசனமும் சான்றோடு நிற்கும், ஒருவரும் அசைக்க முடியாது. விக்கிப்பீடியா கேட்கும் நடுநிலை நோக்கு என்பது நடந்ததை மெல்லச் சொல்வது என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். பாரமான விடயத்தை, சொன்னவர் பெயரோடு, முழுப் பாரத்தோடும் எழுதலாம்.

எம்பி பாராளுமன்றத்தில சொன்னவர், ஹன்சாட்டிலயே இருக்கு. அதைவிடப் பெரிய சான்று உண்டோ?

ஹன்சாட் என்பது பாராளுமன்ற உரைகளின் உத்தியோகபூர்வப் பதிவு. "அவர் சொன்னார்" என்பதற்கு அதைவிடப் பெரிய சான்று இல்லை. அவர் சொன்னது உண்மையா என்பதற்கு, முகநூல் கேள்விக்குச் சொன்ன பதில்தான். பாராளுமன்ற உரைக்குச் சிறப்புரிமை உண்டு. வெளியே சொன்னால் வழக்கு வரக்கூடிய குற்றச்சாட்டையும் அங்கே சொல்லலாம். ஒருவரைப் பற்றிய குற்றச்சாட்டு என்றால் அடுத்த பதிலையும் வாசியுங்கள்.

ஒரு ஆளை பயங்கரவாதத் தடைச் சட்டத்தில பிடிச்சது பேப்பரில வந்தது. அவரைப் பற்றின கட்டுரையில போடலாமோ?

கைது, குற்றப்பத்திரம், தீர்ப்பு மூன்றும் மூன்று படி. அந்தச் சட்டத்தின் கீழ் பிடிபட்டு, நீண்ட காலம் உள்ளே இருந்து, குற்றமே சுமத்தப்படாமல் வெளியே வந்தவர்களை எங்கள் ஊர்களில் எல்லோருக்கும் தெரியும். "கைது செய்யப்பட்டார்" என்று எழுதுபவர் அதன் பின் என்ன ஆனது என்றும் தேடி எழுத வேண்டும். முதல் செய்தி முன்பக்கத்தில் வரும், விடுதலையான செய்தி உள்ளே ஒரு மூலையில் வரும். அந்த மூலையைத் தேடுவது எங்கள் கடமை. உயிரோடு இருப்பவரைப் பற்றிய சான்றில்லாத குற்றச்சாட்டைக் கண்டால், எழுதியவர் உங்கள் நண்பராக இருந்தாலும் உடனே நீக்குங்கள். பொதுவாழ்வில் இல்லாத ஒருவர் என்றால் பெயரே வேண்டாம்.

தகவல் அறியும் சட்டத்தில பிரதேச செயலகத்திட்டக் கேட்டு, கடிதமே வாங்கி வைச்சிருக்கிறன். இது காணுந்தானே?

காணாது. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் தந்த நல்ல உரிமை அது, ஆனால் உங்கள் கையில் இருக்கும் கடிதம் வெளியிடப்பட்ட ஒன்றல்ல. முதல் கேள்வியின் பதிலைப் பாருங்கள்: வாசகர் எங்கே போய்ப் பார்ப்பார்? காணி விடுவிப்பு, இரணைமடு நீர் போன்ற விடயங்களில் இப்படிப் பெறுமதியான கடிதங்கள் ஆட்களிடம் இருக்கின்றன. ஒரு செய்தியாளரிடம் கொடுங்கள். செய்தியாக வந்த பிறகு அதைச் சான்றாக வைக்கலாம்.

ஆங்கில விக்கிப்பீடியாவில இருக்கிறதை மொழிபெயர்த்தால் சான்று தேவையில்லைத்தானே? செயற்கை நுண்ணறிவிட்டக் கேட்டால்?

விக்கிப்பீடியா தனக்குத் தானே சான்றாகாது. அங்கே அடியில் இருக்கும் மூலத்தைத் திறந்து வாசித்து, அந்த மூலத்தை வையுங்கள். திறந்து பார்த்தால் மூலத்தில் அப்படி ஒன்றும் இல்லாமல் இருப்பதும் உண்டு. செயற்கை நுண்ணறிவு தரும் நூற்பெயர், பக்க எண் எதையும் கையில் எடுத்துப் பார்க்காமல் போடாதீர்கள். இல்லாத புத்தகத்துக்குப் பக்க எண்ணும் தரும்.

என்ர மாமா பிரதேச சபையில இருக்கிறார். அவரைப் பற்றி நான் எழுதினால்?

எழுதாமல் விடுவது நல்லது. அதற்கு நலமுரண் என்று பெயர். உங்களிடம் நல்ல சான்று இருந்தால் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில், "இவர் என் உறவினர், இந்தச் செய்தி இன்ன பத்திரிகையில் வந்தது, பொருத்தமென்றால் யாராவது சேருங்கள்" என்று எழுதுங்கள். கட்சியில் வேலை செய்பவர்களுக்கும் இதே வழி.

சொந்தப் பெயரில எழுதினால் பிரச்சினை வருமோ அக்கா?

சொந்தப் பெயர் தேவையே இல்லை. கணக்குத் திறந்து, உங்களை அடையாளம் காட்டாத ஒரு பயனர் பெயரை எடுங்கள். ஊர், படித்த பள்ளிக்கூடம், போன் இலக்கம் எதையும் பயனர் பக்கத்தில் எழுத வேண்டாம். வீட்டில் பயப்படுகிறார்கள் என்றால் அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது, அதை மதியுங்கள். குளமும் பள்ளிக்கூடமும் எழுதவும் ஆள் வேண்டும்.

எல்லாம் செய்தும் ஒருத்தர் திரும்பத் திரும்ப அழிக்கிறார். என்ன செய்யிறது?

நீங்களும் திரும்பத் திரும்பப் போடாதீர்கள். போட்டி போட்டு மீளமைத்தால் இரண்டு பேரையும் தடுத்து வைப்பார்கள், சான்று யாரிடம் இருந்தது என்பதை ஒருவரும் பார்க்க மாட்டார்கள். முதலில் பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அவர் நீக்கும்போது என்ன காரணம் எழுதினார் என்று வாசியுங்கள். பாதித் தடவைகளில் காரணம் நியாயமாகவே இருக்கும்: பக்க எண் இல்லை, சான்றில் அந்த எண் இல்லை, அடைமொழி கூடிவிட்டது.

காரணம் நியாயமில்லை என்று பட்டால் உரையாடல் பக்கத்தில் எழுதுங்கள். "நீங்கள் சிங்களவரின் ஆளா?" என்று தொடங்கிய ஒரு தம்பியின் வசனம் இன்றுவரை உள்ளே போகவில்லை. அதே வசனத்தை இன்னொருவர், "வணக்கம், நீங்கள் நீக்கிய வசனத்துக்கு இந்த நூலில் இந்தப் பக்கத்தில் ஆதாரம் இருக்கிறது. கூற்றாக மாற்றி, அரசாங்கத்தின் மறுப்பையும் சேர்த்து இடலாமா?" என்று கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். ஒரு கிழமை பொறுங்கள். பதில் வராவிட்டால் ஆலமரத்தடியில் கேளுங்கள். தமிழ் விக்கிப்பீடியர்கள் எல்லோரும் கூடிப் பேசும் பக்கத்துக்கு அதுதான் பெயர்.